மிச்சிகனில் பிள்ளை வீட்டுக்குப் போனால்: ஃபோர்டின் கதையை மூன்று நாளில் நேரில் படிப்பது எப்படி

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியராக 31 வருடம் வேலை பார்த்தவன் நான். மகள் மிச்சிகன் மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில் இருக்கிறாள். நான்கு கோடைக்காலங்களை அங்கே கழித்திருக்கிறேன். என் வயதுள்ள நம் ஊர்ப் பெற்றோர்கள் அங்கே ஏராளம். பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பியதும் தொலைக்காட்சி, மாலையில் பூங்காவைச் சுற்றி நடை, சனிக்கிழமை கோயில், ஒருமுறை நயாகரா. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலகம் முழுவதும் மனிதன் வேலை செய்யும் முறையையே மாற்றிய ஃபோர்டு கார் நிறுவனத்தின் கதை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் சோபாவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் கட்டிடம் கட்டிடமாக நிற்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

ஆனால் பார்க்கும் வரிசை முக்கியம். எல்லோரும் முதலில் டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குத்தான் அழைத்துப் போவார்கள். என் மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தார். பளபளக்கும் வண்டிகளை ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டு, கால் வலியோடு திரும்பினேன். எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. அடுத்த வருடம் நானே வரிசையை மாற்றினேன். அருங்காட்சியகம் கடைசி, நிறுவனம் எங்கே தொடங்கியதோ அங்கே முதல் நாள். சம்பந்தி ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரையும் இதே வழியில் அழைத்துப் போனேன். அவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 28 வருடம் பஸ் ஓட்டியவர். அவரோடு போனதில் நான் பார்க்கத் தவறிய பலவும் கண்ணில் பட்டன.

கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஐ.டி.ஐ. ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கோடில்லாத வெள்ளைத்தாள், படம் வரைவதற்கு. எதிர்ப்பக்கம் கோடு போட்டது, எழுதுவதற்கு. அந்த மாதிரி நோட்டு கிடைத்தால் நல்லது. போகிற ஒவ்வோர் இடத்திலும் வெள்ளைப் பக்கத்தில் இயந்திரத்தையோ வண்டியையோ பற்றி எழுதுங்கள். கோட்டுப் பக்கத்தில் அங்கே நின்று வேலை செய்தவரைப் பற்றி எழுதுங்கள். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாக இருந்தால், அந்த இடத்தை நீங்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

இந்த முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் மாணவன் ஒருவன். அசெம்பிளி லைன், அதாவது வண்டி நகர்ந்து வர, ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பொருத்தும் முறை, என்றால் என்ன என்று பல வருடம் வகுப்பில் வியந்து வியந்து நடத்தியிருக்கிறேன். ஃபோர்டு ஆலையில் ஒரு காரைப் பொருத்தப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை 93 நிமிடத்தில் முடிந்தது என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அந்தப் பையன், ஏதோ ஒரு தொழிற்சாலையின் லைனில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தான். வலது மணிக்கட்டைக் காட்டி, "சார், காலையிலிருந்து மாலை வரை அதே நான்கு போல்ட். நீங்கள் அந்த 93 நிமிடத்தைச் சொன்னபோது, இதைச் சொல்லவில்லையே" என்றான். குறையாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதல் நாள் காலை டெட்ராயிட் நகரில் பிகெட் அவென்யூ ஆலைக்குப் போங்கள். 1904இல் கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டிடம். நீளம் 402 அடி, அகலம் 56 அடி மட்டுமே. நம் கோயமுத்தூர்ப் பழைய பஞ்சாலையைப் பார்ப்பது போல இருக்கும், ஏனென்றால் அமெரிக்காவின் பழைய நெசவாலைகளைப் பார்த்துத்தான் இதைக் கட்டினார்கள். குறுகலாகக் கட்டியதால் இரு பக்க ஜன்னல் வெளிச்சமும் நடுவரை வந்து விழும். இப்போது இது அருங்காட்சியகம். எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழிகாட்டியோடு போகும் சுற்று இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

உள்ளே நுழையும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஹென்றி ஃபோர்டு முதல் அடியிலேயே வென்றவர் இல்லை. 1899இல் ஆரம்பித்த முதல் நிறுவனம் மூடப்பட்டது. 1901இல் தொடங்கிய இரண்டாவதிலிருந்து முதலீட்டாளர்களோடு பிணங்கி அடுத்த வருடமே வெளியேறினார். அவர் விட்டுப்போன அந்த நிறுவனம்தான் கடிலாக் என்ற கார் நிறுவனம் ஆனது. 1903 ஜூன் 16ஆம் தேதி பதிவான ஃபோர்டு மோட்டார் கம்பெனி அவருடைய மூன்றாவது முயற்சி. கையில் இருந்த ரொக்கம் 28,000 டாலர். அப்போது அவருக்கு வயது 39, நாற்பதை எட்டச் சில வாரங்களே பாக்கி.

மூன்றாம் மாடியின் ஒரு மூலையில் தடுத்து வைத்த அறை ஒன்று உண்டு. அங்கேதான் நம்பிக்கையான சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மாடல் டி வண்டியை வடிவமைத்தார்கள். 1908 செப்டம்பர் 27 அன்று முதல் வண்டி இந்தக் கட்டிடத்தில் முடிந்தது. இங்கே நிதானமாக நில்லுங்கள், இந்த வண்டியின் பொறியியல் அவ்வளவு அழகு. நான்கு சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக வார்த்து, தலைப்பகுதியைத் தனியாகக் கழற்றும்படி வைத்தார்கள். கிராமத்துக் கொல்லன்கூடத் திறந்து பார்க்கலாம். எடை குறைய வேண்டும், உடையவும் கூடாது என்பதற்காக வனேடியம் கலந்த எஃகு. 20 குதிரைத்திறன். பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது, இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து தானாக வழிந்து எஞ்சினுக்கு வரும். அதனால் செங்குத்தான மேட்டில், பெட்ரோல் குறைவாக இருந்தால், எஞ்சினுக்குப் போய்ச் சேராது. மக்கள் வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மேடேறினார்கள். இதைக் கேட்டதும் சம்பந்தி வண்டியின் அடியில் குனிந்து தொட்டி இருக்கும் இடத்தைக் கையால் அளந்து பார்த்தார். நோட்டின் வெள்ளைப் பக்கம் இங்கே தானாக நிரம்பிவிடும். கோட்டுப் பக்கத்துக்கு எண்ணெய் குடித்த அந்த மரத்தளத்தைப் பாருங்கள். வண்டி ஓரிடத்தில் நிற்க, ஆட்கள் சுற்றி நின்று பாகங்களைப் பொருத்திய காலம் அது. ஒரு தொழிலாளிக்கு முழு வண்டியும் தெரியும்.

அங்கிருந்து வுட்வர்ட் அவென்யூ வழியே வடக்கே பத்து நிமிடம் போனால் ஹைலண்ட் பார்க். இங்கே உள்ளே போக முடியாது, சுற்றுலா ஏதும் கிடையாது. சாலையோரம் ஒரு வரலாற்றுப் பலகை, பழைய கட்டிடங்கள், பக்கத்தில் மாடல் டி பிளாசா என்ற பெயரில் ஒரு கடைத்தொகுதி. பிள்ளைகள், "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். விடாதீர்கள். வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் நில்லுங்கள். என் கணக்கில், இந்த மூன்று நாளில் மிக முக்கியமான இடம் இதுதான்.

1910 தொடக்கத்தில் திறந்த இந்த ஆலையை ஆல்பர்ட் கான் என்ற கட்டிடக்கலைஞர் வடிவமைத்தார். கண்ணாடி அவ்வளவு அதிகம் என்பதால் பளிங்கு மாளிகை என்று பெயர் வாங்கியது. 1913 வசந்தத்தில், ஃப்ளைவீல் மேக்னட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்) பொருத்தும் வேலையை முதலில் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒருவரே செய்தால் 20 நிமிடம். வரிசையாக நின்று கைமாற்றியபோது 13 நிமிடம் 10 விநாடி. பின்னர் 5 நிமிடம். அந்த ஆகஸ்டில் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கயிறு கட்டி 250 அடி தூரம் இழுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரை மணி நேர வேலை ஆறு மணி நேரத்துக்குள் வந்தது. அடுத்த வசந்தத்துக்குள் சங்கிலி ஓடும் லைனில் 93 நிமிடம். வண்டி விலை இறங்கிக்கொண்டே போனது: 1908இல் 850 டாலருக்கு அறிமுகமான மாடல் டி வரிசையில், 1925இல் இரண்டு பேர் உட்காரும் வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. விவசாயி கார் வாங்கினான், பள்ளி ஆசிரியர் வாங்கினார். 1927இல் தயாரிப்பு முடிந்தபோது ஒன்றரைக் கோடிக்கு மேல் மாடல் டி ஓடியிருந்தது.

கோட்டுப் பக்கத்துக்கு வாருங்கள். லைன் வந்த அதே 1913இல், சுமார் 14,000 பேர் வேலை செய்ய வேண்டிய ஆலைக்கு, அந்த ஒரு வருடத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை. சிலர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு என் மாணவனின் மணிக்கட்டுதான் கண்முன் வந்தது.

அதற்கு விடையாகத்தான் 1914 ஜனவரி 5 அன்று ஒரு நாளுக்கு 5 டாலர் சம்பளத்தை அறிவித்தார்கள். ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணி. இதை வள்ளல்தனம் என்று மட்டும் சொல்பவர்களையும், தந்திரம் என்று மட்டும் சொல்பவர்களையும் நான் ஏற்பதில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் உண்மையிலேயே நிமிர்ந்தன. ஆனால் அந்த ஐந்தில் பாதி லாபப் பங்கு என்ற கணக்கில் வந்தது, அதற்கு நிபந்தனை உண்டு. நிறுவனத்தின் விசாரணையாளர்கள் வீட்டுக்கே வருவார்கள். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீடு சுத்தமா, எத்தனை பேர் ஒண்டியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முழுத்தொகை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள். அதன் பட்டமளிப்பில், பிறந்த நாட்டு உடையோடு ஒரு பெரிய கொப்பரைக்குள் இறங்கி, அமெரிக்க உடையோடு வெளியே வருவது ஒரு சடங்கு. நம் பிள்ளைகள் வேறொரு காலத்தில் அதே மண்ணுக்கு வந்தவர்கள். அந்தக் கொப்பரையைப் பற்றி அவர்களோடு பேசுங்கள். எங்கள் வீட்டில் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம் பேச்சு ஓடியது.

மதியத்துக்கு மேல் டெட்ராயிட் கலைக்கூடம். வுட்வர்ட் அவென்யூவிலேயே தெற்கே திரும்பி வந்தால் போதும். திங்கட்கிழமை விடுமுறை. வெய்ன், ஓக்லண்ட், மெக்கோம் மாவட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு நுழைவு இலவசம். கான்டன் வெய்ன் மாவட்டம்தான். மற்ற கூடங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், நேராக டியேகோ ரிவேராவின் சுவரோவியங்கள் உள்ள நடுக்கூடத்துக்குப் போய் உட்காருங்கள். மெக்சிகோ ஓவியரான ரிவேரா 1932இல் வந்து, டியர்போர்னில் உள்ள ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையில் வாரக்கணக்கில் சுற்றிப் பார்த்து, 27 பகுதிகளாக இதை வரைந்தார். பணம் கொடுத்தவர் ஹென்றியின் மகன் எட்சல் ஃபோர்டு. 1933இல் திறந்தபோது, மத நிந்தனை, பொதுவுடைமைப் பிரச்சாரம், சுவரை வெள்ளையடியுங்கள் என்றெல்லாம் எதிர்ப்புக் கிளம்பியது. எட்சல் அசையவில்லை. இந்தக் குடும்பத்தில் நான் மனதார மதிக்கும் ஆள் அவர்தான்.

வடக்குச் சுவரில் வி8 எஞ்சின் பிளாக் பிறக்கிறது: உருக்கு, வார்ப்பு, ஒரே நேரத்தில் பல துளையிடும் இயந்திரங்கள், கன்வேயர். தொழிலாளிகள் எஞ்சின் பிளாக்கை இழுக்கும்போது இடுப்பு எப்படி வளைகிறது, எந்தக் கால் ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். பட்டறையில் நின்றவன் சொல்கிறேன், ஒன்றுகூடத் தப்பாக வரையவில்லை. தெற்குச் சுவரில் மாபெரும் பிரஸ், பழைய மெக்சிகோ தெய்வச் சிலை போல நிற்கிறது. அத்தனை ஆட்களும் அத்தனை இரும்பும் சேர்ந்து செய்த காரைத் தேடுங்கள். தூரத்தில், கடுகளவு, சிவப்பாக ஒன்று தெரியும். அடியில் ஒரே நிறத்தில் உள்ள சிறு படங்கள் ஒரு தொழிலாளியின் முழு நாளையும் காட்டும். கடைசியில் சம்பளம் வாங்கிக்கொண்டு மேம்பாலத்தைக் கடந்து போகிறார்கள். அந்த மேம்பாலத்தை மறக்காதீர்கள், மறுநாள் வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் ரூஜ். ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியக வாசலிலிருந்து சுற்றுலாப் பேருந்து புறப்படும். சொந்த வண்டியில் நேராகப் போக முடியாது. எஃப்-150 பிக்கப் வண்டி உருவாகும் லைனை மேலேயுள்ள நடைபாதையிலிருந்து பார்க்கலாம். சில நாட்களில் லைன் ஓடாது. டிக்கெட் எடுக்கும்போதே, அன்றைக்கு லைன் ஓடுமா என்று கேளுங்கள், வாரநாளாகப் பார்த்துப் போங்கள். ஓடாத லைனைப் பார்ப்பது, தேர் இல்லாத நாளில் தேரோடும் வீதியைப் பார்ப்பது போல. கூரையில் பத்து ஏக்கருக்கு மேல் செடி வளர்த்திருக்கிறார்கள். மழைநீரை உறிஞ்சும், கட்டிடத்துக்குக் குளிர்ச்சி. அதையும் பார்வை மாடத்திலிருந்து காட்டுவார்கள்.

1928இல் கட்டி முடித்தபோது ஒன்றரை மைல் நீளம், ஒரு மைல் அகலம், 93 கட்டிடங்கள், உள்ளேயே நூறு மைல் ரயில் பாதை. ஒரு பக்கம் கப்பலில் இரும்புத்தாது வந்து இறங்கும், மறுபக்கம் கார் ஓடி வெளியே வரும். 1930களில் இந்த ஒரு வளாகத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

பேருந்து மில்லர் சாலைப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் இருங்கள். இந்தச் சாலையின் நான்காம் வாயில் மேம்பாலத்தில் 1937 மே 26 அன்று, யு.ஏ.டபிள்யூ. என்ற கார்த் தொழிலாளர் சங்கத்தின் வால்ட்டர் ராய்தர், ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீன் முதலியோர் துண்டறிக்கை கொடுக்க வந்தார்கள். நிறுவனத்துக்காக ஹாரி பென்னட் நடத்திய காவல் படை அவர்களைச் சூழ்ந்து அடித்தது. துண்டறிக்கை கொடுக்க வந்த பெண்களையும் விடவில்லை. டெட்ராயிட் நியூஸ் பத்திரிகைப் புகைப்படக்காரர், படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை வண்டியின் பின்சீட்டில் ஒளித்துவிட்டு, வெறும் தகடுகளை அடியாட்களிடம் கொடுத்துத் தப்பினார். மறுநாள் நாடு முழுவதும் அந்த முகங்களைப் பார்த்தது. போட்டிக் கார் நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1937இலேயே சங்கத்தை ஏற்றுக்கொண்டன. ஃபோர்டு 1941 வரை இழுத்தடித்து, பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கையெழுத்திட்டது. 5 டாலர் கொடுத்த அதே நிறுவனம் இது. இரண்டையும் ஒரே நோட்டில், தேதியோடு எழுதிவையுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். ரூஜ் வேலைக்காக லெபனான், ஏமன் நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர் டியர்போர்னில் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் உணவகங்களில் ஃபலாஃபல், பருப்பு சூப், சுடச்சுட ரொட்டி, சுட்ட கத்தரிக்காய்த் துவையல் எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடும் என் மனைவிக்கு அமெரிக்காவில் மிகப் பிடித்த சாப்பாடு இதுதான்.

பிற்பகல் உட்மியர் கல்லறைத் தோட்டம். யாரும் உங்களை இங்கே அழைத்துப் போக மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுப் போக வேண்டும். 1932 மார்ச் 7, பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர், வேலையும் நிவாரணமும் கேட்டுக் கடுங்குளிரில் ரூஜ் வாயிலை நோக்கி நடந்தார்கள். காவல்துறையும் ஃபோர்டின் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். ஐந்தாமவர் சில மாதம் கழித்து இறந்தார். முதல் நால்வரையும் இங்கே அடுத்தடுத்துப் புதைத்திருக்கிறார்கள். இது நடந்து சில வாரங்களில்தான் ரிவேரா டெட்ராயிட்டில் வந்து இறங்கினார். முதல் நாள் ஓவியத்தைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அலுவலகத்தில் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். சம்பந்தி அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். 28 வருடம் சங்கத்தில் இருந்தவர் அவர்.

மூன்றாம் நாளுக்கு முன், இரவு வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டியவை சில உண்டு; அவற்றுக்குக் கட்டிடம் கிடையாது. முதலாவது, டியர்போர்ன் இண்டிபெண்டன்ட். ஹென்றி ஃபோர்டு விலைக்கு வாங்கிய வாரப் பத்திரிகை. 1920 மே மாதம் தொடங்கி வாரம் தவறாமல் 91 இதழ்களில் யூதர்கள் மீது அவதூறு எழுதியது. ஃபோர்டு விற்பனையகங்கள் வழியாக நாடெங்கும் போனது. ஜெர்மனியில் மொழிபெயர்ப்பாகி ஹிட்லரின் பாராட்டைப் பெற்றது. வழக்கு ஒன்றுக்குப் பிறகு 1927இல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். ஆனால் 1938இல், தன் 75ஆவது பிறந்தநாளில், நாஜி அரசின் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். அவரைப் பெரிய பொறியாளராக வணங்கி வளர்ந்தவன் நான். இதைப் படித்தபோது மனம் உடைந்தது. என்றாலும் வகுப்பில் இதையும் சொல்லியிருக்க வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன். ஃபார்மிங்டன் ஹில்ஸ் ஊரில் ஸெகெல்மன் ஹோலோகாஸ்ட் மையம் இருக்கிறது; நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த வரலாற்றைச் சொல்லும் இடம். அரைநாள் கிடைத்தால் போய் வாருங்கள்; அந்தச் சொற்கள் கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டன என்று புரியும்.

இரண்டாவது, பின்டோ. 1970இல் வந்த ஃபோர்டின் சிறிய கார். பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து மோதினால் தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. 1978இல் கலிஃபோர்னியா நடுவர் குழு ஒரு வழக்கில் 12.5 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அதே ஆண்டு 15 லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். தொட்டி இருக்கும் இடம் என்பது ஒரு வரைபடத் தாளில் ஒருவர் போட்ட கோடு. மாடல் டி தொட்டியின் இடத்தை அத்தனை ஆசையோடு அளந்த சம்பந்திக்கு, பின்டோவின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. 2006இல் தலைமைக்கு வந்த ஆலன் முலாலி காலத்தில், ஆலைகள் முதல் நீல முட்டைவடிவச் சின்னம் வரை அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் கடன் திரட்டினார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசுப் பணத்தில் மீண்டபோது, ஃபோர்டு அந்த மீட்புப் பணம் இல்லாமல் நின்றது. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு இன்றும் இருக்கும் மரியாதையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பிள்ளை வீட்டில் எந்த நிறுவனத்தின் வண்டி இருந்தாலும், கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ள 17 எழுத்து எண்ணைக் குறித்து, அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். திருத்தப்படாத குறை இருந்தால் அது சொல்லிவிடும், பழுதுபார்ப்பு இலவசம்.

சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு கார் ஆலையின் கதை உங்களுக்கே தெரியும். ஐகான் கார் 1999இல் அங்கிருந்துதான் வந்தது, ஈகோஸ்போர்ட் 2013இல். என் மாணவர்கள் பலர் அந்த நீலச் சட்டையை ஆசையாகப் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அதே ஆலையில் எஞ்சின் தயாரிப்பதற்கு 2025இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அந்த நோட்டில் மறைமலை நகருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கோட்டுப் பக்கம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

மூன்றாம் நாள், இப்போது, அருங்காட்சியகம். இதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோர்டு என்றாலும், இன்று நிறுவனத்திலிருந்து தனித்த அறக்கட்டளையாக நடக்கிறது. மிகப் பெரியது, மூட்டு வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். 1896இல் ஃபோர்டு தன் கொட்டகையில் செய்த குவாட்ரிசைக்கிள் என்ற நான்கு சைக்கிள் சக்கர வண்டியைப் பாருங்கள். செய்து முடித்த பிறகு வாசல் போதாமல் கோடரியால் செங்கலை உடைத்து வெளியே கொண்டுவந்தார். 1967இல் பிரான்ஸின் லீ மான் கார்ப் பந்தயத்தில் வென்ற சிவப்பு ஃபோர்டு மார்க் 4. ஃபோர்டின் புகழ்பெற்ற மஸ்டாங் காரில் முதல் எண் பொறித்த வண்டி. கனடாவில் ஒரு விமானி அதைக் கடையில் வாங்கிக்கொண்டு போய்விட, பின்னர் புது மஸ்டாங் ஒன்றைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ், வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்கும்படி ஓட்டுநர் சொன்னபோது மறுத்த பஸ்ஸும் இங்கேதான் இருக்கிறது. அது ஃபோர்டு வண்டி கிடையாது, இருந்தாலும் ஏறி உட்காருங்கள். ஓட்டுநர் இருக்கையைச் சம்பந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரவு என்னிடம் கேட்டார்.

பிற்பகல் பக்கத்திலேயே கிரீன்ஃபீல்டு கிராமம். குளிர்காலத்தில் வழக்கம்போல் திறப்பதில்லை, ஆகவே மே முதல் அக்டோபருக்குள் போய்விடுங்கள். ஃபோர்டு பிறந்த பண்ணை வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். ஓடும் மாடல் டி வண்டியில் சவாரி உண்டு. ஓட்டுநர் பக்கத்து இருக்கை கிடைத்தால் அதில் உட்காருங்கள், அவர் கால்களைக் கவனியுங்கள். மூன்று மிதிகள்: இடது முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டால் மேல் கியர், நடுவில் ரிவர்ஸ், வலது பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே கைநெம்பு. சந்தேகம் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். எங்கள் ஓட்டுநர் ஒரு முதிய அம்மாள். சம்பந்தி என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, மேட்டில் நின்றால் இடது காலை எந்த அளவு விட வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, கையை விரித்து அளவு காட்டினார். சம்பந்தியும் தன் கையை விரித்து, சரிதானா என்று காட்டினார்.